பர்க் ஏரிக்கரை விமான நிலையமும் ஈரி ஏரியின் இருளும்: கிளீவ்லாந்து மாநகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மேயர் ஜஸ்டின் பிப் அவர்களுக்கும் கிளீவ்லாந்து மாநகர மன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

பர்க் ஏரிக்கரை விமான நிலையத்தை மூடிவிட்டு அந்த நிலத்தை மக்கள் கூடும் கரையாக மாற்றலாமா என்ற விவாதம் நம் நகரில் நெடுநாளாக நடந்துவருகிறது. மூடுவது இயலக்கூடியதே என்று 2024இல் வெளியான ஆய்வுகள் சொன்ன பிறகு அது இன்னும் வலுத்திருக்கிறது. மூடுங்கள் என்றோ மூடாதீர்கள் என்றோ சொல்ல நான் இதை எழுதவில்லை. எந்த முடிவை எடுத்தாலும் கடைசி விமானம் அங்கிருந்து கிளம்பும் நாள்வரை இரவு நேரங்களில் அந்த ஓடுபாதையிலிருந்து மனிதர்கள் ஏரியின் மேல் பறந்துகொண்டுதான் இருப்பார்கள். அவர்களுக்காக மாநகரம் இப்போதே செய்யக்கூடியவை சில உண்டு. அவற்றைக் கேட்கவே எழுதுகிறேன்.

இம்மடலின் ஆங்கில வடிவத்தைத் தங்கள் அலுவலகத்துக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம், இந்நகரில் வாழும் தமிழர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதுதான். 1978 முதல் இங்கு நடந்துவரும் தியாகராஜ ஆராதனைக்காக வசந்தந்தோறும் வந்து கூடுபவர்களுக்கும் இந்த ஏரிக்கரை அந்நியமானதல்ல. கச்சேரி முடிந்த இரவில் நகரின் விளக்குகளுக்கு முதுகு காட்டி வடக்கே பார்த்தவர்கள், நீர் எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அந்தக் கருமையைக் கண்டிருப்பார்கள். நான் சொல்ல வந்த விபத்தின் மையமே அந்தக் கருமைதான்.

2016 டிசம்பர் 29 இரவு 11 மணியை நெருங்கும் நேரத்தில், கூடைப்பந்தாட்டம் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த ஆறு பேருடன் ஒரு சிறிய செஸ்னா சைட்டேஷன் ஜெட் விமானம் பர்க்கிலிருந்து கொலம்பஸுக்குப் புறப்பட்டது. அதை ஓட்டியவர் அதன் உரிமையாளர். உடன் துணை விமானி இல்லை. கரையை ஒட்டித் தென்மேற்காக எழுந்த விமானம், கட்டுப்பாட்டாளர் சொன்னபடி வலப்புறம் திரும்பி ஏரியின் மேல் வந்தது. ஏற வேண்டிய உயரம் கடல்மட்டத்திலிருந்து 2,000 அடி. அது ஏறத்தாழ 2,900 அடிவரை ஏறி, 60 பாகைக்கும் மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூக்கு தாழ்ந்து, கரையிலிருந்து ஏறக்குறைய இரண்டு மைல் தொலைவில் நீரில் மோதியது. மேலே இழுக்கச் சொல்லும் எச்சரிக்கைக் குரல் விமானி அறையில் திரும்பத் திரும்ப ஒலித்திருக்கிறது. ஒருவரும் பிழைக்கவில்லை. புறப்பாட்டுக்கும் மோதலுக்கும் இடையில் இருந்தது ஒரு நிமிடம் அளவிலான பறத்தல் மட்டுமே.

இயந்திரக் கோளாறு என்றும் பனிக்காற்று என்றும் பலவாறு அப்போது பேசினோம். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டது வேறு. விமானம் இயங்கும் நிலையிலேயே நீருக்குள் செலுத்தப்பட்டது என்றும், தாம் எந்த நிலையில் பறக்கிறோம் என்பதில் விமானிக்கு ஏற்பட்ட புலன் மயக்கமே காரணம் என்றும் அது முடிவுசெய்தது. நம் உட்காதில் உள்ள அரைவட்டக் குழாய்களின் திரவம் தலை சுழலத் தொடங்குவதை உணர்த்தும்; ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் சிறிது நேரத்தில் அது அடங்கிவிடும், சாய்ந்து பறப்பவருக்கும் நேராகப் பறப்பதாகவே தோன்றும். விமானம் வேகமெடுக்கும்போது மூக்கு மேலே தூக்குவதாகவும் உடல் பொய் சொல்லும். பகலில் கண் தொடுவானத்தைப் பார்த்து அந்தப் பொய்யைத் திருத்திவிடுகிறது. மேகம் மூடிய இரவில், நகர விளக்குகள் பின்னால் போய்விட்ட ஏரியின் மேல் கண்ணுக்கு அந்தத் துணை இல்லை. கருவிப் பலகை ஒன்றைத்தான் நம்ப வேண்டும்.

அந்தக் கருவிப் பலகை அவருக்குப் புதியது. இந்த வகை விமானத்தை ஓட்டும் தகுதியை அதே மாதத்தில்தான் அவர் பெற்றிருந்தார். முன்பு பழகிய விமானத்தில் சாய்வைக் காட்டும் குறி இயங்கிய விதமும், விமானத்தைத் தானே செலுத்தும் ஆட்டோ பைலட் கருவியின் பொத்தான் இருந்த இடமும், அது இயங்குகிறதா என்று அறியும் முறையும் வேறு. ஆட்டோ பைலட் இயங்காதபோதே இயங்குவதாக அவர் நம்பியிருக்கக்கூடும் என்று வாரியம் கருதியது. பழைய பழக்கம் புதிய விமானத்தில் எதிராக வேலை செய்ததையும் சோர்வையும் துணைக் காரணங்களாகச் சேர்த்தது. அவர் ஏறத்தாழ 17 மணி நேரம் விழித்திருந்தவர். இதைப் படிக்கும்போது அந்த மனிதர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. குடும்பத்தோடு ஓர் இனிய மாலையைக் கழித்துவிட்டு வீட்டுக்குப் போகத்தான் அவர் நினைத்தார்.

பர்க்கோடு தொடர்புடைய வேறு இரண்டு விபத்துகளையும் இங்கே நினைவூட்டுகிறேன். 1970 ஜனவரி 28 அன்று பர்க்கிலிருந்து டெட்ராய்ட்டுக்குச் சென்ற டாக் ஏர்லைன்ஸின் சிறு பயணிகள் விமானம் ஈரி ஏரியில் விழுந்து, அதில் இருந்த ஒன்பது பேரும் இறந்தனர். இறக்கையை உடலோடு பிணைக்கும் உலோகப் பகுதி சோர்வுற்று முறிந்ததே அதற்குக் காரணம். ஓடுபாதைக்கோ ஏரிக்கோ அதில் பங்கில்லை. 1981 செப்டம்பரில், வான்சாகசக் காட்சி முடிந்து பர்க்கிலிருந்து கிளம்பிய அமெரிக்க விமானப்படையின் சாகசக் குழுவான தண்டர்பேர்ட்ஸின் தலைவர் ஓட்டிய விமானம் கடற்காகக் கூட்டத்தில் மோதி, பறவைகள் எந்திரத்துக்குள் சென்றதால் வீழ்ந்தது. அவர் இறந்தார், உடன் இருந்த வீரர் பிழைத்தார். இங்கே ஏரிக்குப் பங்கு உண்டு. நீரைத் தூர்த்து உருவாக்கிய நிலத்தில், நீர்ப்பறவைகள் கூடும் கரையிலேயே ஓடுபாதையை வைத்திருக்கிறோம்.

இந்த வேறுபாடு முக்கியம் என்று கருதுகிறேன். ஏரியில் விழுந்த விமானங்களை எல்லாம் ஒன்றாகக் கூட்டி “ஆபத்தான விமான நிலையம்” என்று சொல்வது இறந்தவர்களுக்கு நேர்ந்ததை மறைத்துவிடும். 2016 விபத்து விமானியின் தவறு, நகரத்துக்கு அதில் ஒன்றும் இல்லை என்று ஒதுங்குவதும் அப்படியே. வாரியம் பர்க்கின்மீது குற்றம் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனாலும் அந்த ஒரு நிமிடத்தை எண்ணிப் பாருங்கள். ஓடுபாதையே கடல்மட்டத்திலிருந்து 580 அடி உயரத்தில் இருக்கும்போது 2,000 அடி என்பது நீரிலிருந்து 1,400 அடி அளவுதான். வேகமாக ஏறும் ஜெட் அதை அரை நிமிடத்துக்குள் எட்டிவிடும். அதற்குள் தனி ஒருவர் சக்கரங்களையும் இறக்கை மடிப்புகளையும் உள்ளிழுத்து, இருளை நோக்கித் திரும்பி, ஏற்றத்தை நிறுத்தி, வானொலி அலைவரிசையை மாற்ற வேண்டும்.

வான்வழியையும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தையும் நிர்வகிப்பது கூட்டாட்சி விமானத்துறை, மாநகரம் அல்ல என்பதை அறிவேன். ஆனால் நிலையத்தின் உரிமையாளர் மாநகரம். உரிமையாளரின் கோரிக்கைக்கு எடை உண்டு. இரவில் ஏரியை நோக்கித் திரும்பும் விமானிக்குத் தொடுவானம் தெரியாது என்ற எச்சரிக்கையை விமானிகள் பார்க்கும் நிலையக் கையேட்டில் சேர்க்கும்படி கேளுங்கள். அதையே எரிபொருள் நிரப்பும் அலுவலகத்தில் கண்ணில் படும்படி ஒட்டச் செய்யுங்கள். நகரின் பெரிய விமான நிலையமான ஹாப்கின்ஸின் போக்குவரத்து இடம் தரும் அளவுக்கு, தனி விமானி ஓட்டும் ஜெட்டுகளை இரவில் முதலில் கரை விளக்குகள் தெரியும் திசையிலேயே ஏறவிட்டுப் பிறகு திருப்ப முடியுமா என்று ஆராயச் சொல்லுங்கள். பறவைகளைப் பற்றிய கண்காணிப்பு விவரங்களை ஆண்டுதோறும் மன்றத்தின் முன் வையுங்கள்.

இன்னொன்றை நீங்கள் யாரையும் கேட்காமலே செய்யலாம் என்று நம்புகிறேன். பர்க்கின் பக்கத்திலேயே விளையாட்டரங்குகள் இருப்பதால் ஆட்டம் பார்க்க வந்து அன்றிரவே திரும்புபவர்கள் அங்கே உண்டு. ஊதியத்துக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் விமானிக்குப் பணிநேர வரம்பு உண்டு. சொந்த விமானத்தைத் தானே ஓட்டுபவருக்குச் சட்டம் அப்படி எந்த வரம்பையும் விதிக்கவில்லை. எவ்வளவு களைத்திருந்தாலும் கிளம்புவதா தங்குவதா என்பது அவர் முடிவு. ஆட்டம் நடக்கும் நாட்களில் சிறு விமானங்களை இரவு நிறுத்திவைக்கும் கட்டணத்தை மாநகரம் விட்டுக்கொடுக்கட்டும். அதை நிலையத்தின் முகப்பிலேயே எழுதி வைக்கட்டும். காலையில் வெளிச்சத்தில் போகலாம் என்று வீட்டார் சொல்லும்போது அவர்கள் பக்கம் அது ஒரு காரணமாக இருக்கும். வரும் குளிர்காலத்துக்கு முன் இதை மன்றத்தின் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கிளீவ்லாந்துவாசி ஒருவர்