சூரிய மின் வடிவமைப்புக்குத் துணைநின்ற ஊராருக்கு நன்றி மடல்

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய ஊர்ப் பெருமக்களுக்கு,

வணக்கம். உங்கள் ஊராட்சியின் குடிநீருக்கும் தெருவிளக்குகளுக்கும் தேவையான மின்சாரத்தை ஊராரே உரிமையாளர்களாக இருந்து உற்பத்தி செய்துகொள்வதற்கான எங்கள் இறுதியாண்டு வடிவமைப்புப் பணி நிறைவடைந்துள்ள இவ்வேளையில், அதற்குத் தோள்கொடுத்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

மேல்நிலைத் தொட்டியைப் பராமரிக்கும் அண்ணனுக்கு நாங்கள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். மோட்டார் அறைச் சுவரில் ஆணியில் தொங்கிய நோட்டை எடுத்துக் கொடுத்து, எத்தனை மணிக்கு மோட்டார் போட்டார், தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம் பிடித்தது, என்றைக்கு மின்தடை வந்தது என்று தம் கைப்பட எழுதிவைத்திருந்ததை வரிவரியாக விளக்கினார். ஊராட்சிச் செயலர் பொறுமையாகத் தேடித் தந்த மின் கட்டண ரசீதுகளோடு அதை ஒப்பிட்டபோதுதான், செலவில் பெரும்பகுதி தண்ணீர் ஏற்றுவதற்கே போவது தெளிவாயிற்று. "வெயில் அடிக்கிறப்பவே தண்ணிய ஏத்தி வச்சிட்டா, அதுக்கு எதுக்குத் தம்பி பேட்டரி?" என்று அண்ணன் கேட்டதே எங்கள் வடிவமைப்பின் அச்சாணி. பகல் மின்சாரத்தை நீராகவே மேலே சேமித்துவிட்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டிய பேட்டரிகளைத் தெருவிளக்குகளுக்கு மட்டும் அளவாக வைத்திருக்கிறோம்.

சூரிய மின் தகடுகளைக் கழுவப்போவது யார், எந்தத் தண்ணீரில் என்று முதலில் கேட்டவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவின் அக்காமார். தூசி படிந்தால் உற்பத்தி குறையும். சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விடவும் கூடும். ஆகவே விடியலிலேயே தரையில் நின்றபடி கழுவும் உயரத்தில் தகடுகளை அமைத்து, கழுவிய நீர் கீரைப் பாத்திக்குப் பாயவும் வழிசெய்திருக்கிறோம்.

மார்கழியில் புளியமரத்து நிழல் எதுவரை நீளும் என்று நடந்தே காட்டிய பெரியவருக்குத் தனி வணக்கம். ஒரு தகட்டின் மூலையில் விழும் நிழல்கூட, அதனோடு தொடராக இணைந்தவற்றின் உற்பத்தியையும் குறைத்துவிடக்கூடியது. அவர் சொற்படி இடத்தை மாற்றினோம். மரத்தை வெட்டும் பேச்சுக்கே இடமில்லாமல் போனதில் எங்களுக்கு அளவற்ற மகிழ்ச்சி.

ஓர் ஊராட்சி மின் உற்பத்தியாளராக முடியுமா என்ற ஐயத்தைப் போக்கிய, கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சிக்கும் எங்கள் நன்றி உரியது. குடிநீர் ஏற்றும் மின் செலவைக் குறைக்க மரக்கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் சிறு இயந்திரத்தில் தொடங்கிய அவ்வூராட்சி, அன்றைய தலைவர் ஆர். சண்முகத்தின் முயற்சியால், சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து 2006-இல் 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக நிறுவி, தன் தேவைக்குப் போக மிஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்றது. கடனை வருமானத்திலிருந்தே அடைக்கும் நம் நிதித்திட்டத்துக்கு அதுவே முன்மாதிரி.

வயரிங் செலவைச் சரிபார்த்துத் தந்த உள்ளூர் எலக்ட்ரீஷியன்களுக்கும், மதியம்தோறும் சோறிட்ட சத்துணவுக்கூட அம்மாவுக்கும், வழிநடத்திய பேராசிரியர்களுக்கும் நன்றி. வரைபடங்களும் தமிழில் எழுதிய விளக்க அறிக்கையும் ஊராட்சி அலுவலகத்தில் உள்ளன. கிராம சபை அழைக்கும் நாளில் நேரில் வந்து விளக்கவும், நீங்கள் சொல்லும் திருத்தங்களைச் செய்து தரவும் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
மாணவர் வடிவமைப்புக் குழுவினர்