இலங்கை அதிபர் தேர்தல்: எந்தச் சதவீதத்தை வைத்துச் சண்டை போடுகிறோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கையில் 2024 நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்ததும், செப்டம்பர் 21-ல் நடந்த அதிபர் தேர்தலைப் பற்றிய பழைய சண்டை சென்னையில் மறுபடியும் கிளம்பிவிட்டது. ‘அநுர குமார திசாநாயக்க 55.89 சதவீதம் வாங்கி ஜெயித்தவர்’ என்கிறார் ஒருவர். ‘57 சதவீதம் பேர் வேண்டாம் என்ற ஆள்’ என்கிறார் அடுத்தவர். ‘யாழ்ப்பாணத்தில் 7 சதவீதம்தான், தமிழர்கள் விரட்டிவிட்டார்கள்’ என்பது மூன்றாவது. ‘தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் 1.7 சதவீதத்தில் மண்ணைக் கவ்வினார்’ என்பது நான்காவது. வளசரவாக்கத்து டீக்கடை பெஞ்சானாலும் வாசகர் கடிதப் பகுதியானாலும் இந்த நாலும்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. வேடிக்கை என்னவென்றால், நாலு பேர் சொல்லும் எண்களும் சரிதான். எதை எதால் வகுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் மொத்தக் கணக்கு. பதிவான வாக்காளர்கள் 1,71,40,354. வாக்களித்தவர்கள் 79.46 சதவீதம். அதில் 3,00,300 செல்லாத ஓட்டு. செல்லுபடியானது 1,33,19,616. அநுரவுக்கு 56,34,915 (42.31 சதவீதம்), சஜித் பிரேமதாசவுக்கு 43,63,035 (32.76), ரணில் விக்கிரமசிங்கவுக்கு 22,99,767 (17.27). அந்நாட்டு விதிப்படி ஜெயிக்க வேண்டுமானால் செல்லுபடியான ஓட்டில் பாதிக்கு மேல் வேண்டும், அதாவது 66,59,809. யாரும் எட்டவில்லை. 1982 முதல் நடந்த எட்டு அதிபர் தேர்தல்களிலும் வராத நிலைமை இது. அதனால்தான் முதல் முறையாக விருப்பு வாக்கு, அதாவது சீட்டில் வாக்காளர் 2, 3 என்று எழுதும் அடுத்த விருப்பங்களை, எண்ண வேண்டி வந்தது.

இங்கேதான் நம்மூர்ச் செய்திகள் பல சறுக்கின. விருப்பு வாக்கு என்றதும் ‘மறு தேர்தல்’, ‘இரண்டாம் கட்ட வாக்குப்பதிவு’ என்றெல்லாம் எழுதினார்கள். மக்கள் மறுபடியும் சாவடிக்குப் போகவே இல்லை. முதல் நாள் போட்ட அதே சீட்டைத்தான் மறுநாள் மறுபடி பிரித்துப் பார்த்தார்கள். முதல் இரண்டு இடத்தில் இருப்பவர்களைத் தவிர மற்ற அத்தனை பேரும் ஒரே வீச்சில் வெளியே. வெளியேறியவர்களின் சீட்டில் மட்டும் 2 எங்கே, 3 எங்கே என்று தேடுவார்கள்.

மேசையில் மூன்று சீட்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் சீட்டில் ரணிலுக்கு ஒரு புள்ளடி, வேறு குறி இல்லை. புள்ளடி என்பது அங்கே பெருக்கல் குறிக்குப் பெயர். அது செல்லுபடியாகும் ஓட்டுதான், ஆனால் அநுரவுக்கும் போகாது, சஜித்துக்கும் போகாது, ஓரமாக வைத்துவிடுவார்கள். இரண்டாவது சீட்டில் ரணில் 1, இன்னொரு வேட்பாளரான நாமல் ராஜபக்ச 2, சஜித் 3. நாமலும் வெளியேறியவர் என்பதால் 2-ஐத் தாண்டி 3-ஐப் பார்ப்பார்கள், ஓட்டு முழுதாகச் சஜித்துக்குச் சேரும். மூன்றாவதில் ரணில் 1, அரியநேத்திரன் 2, மூன்றாவது விருப்பம் இல்லை. அதுவும் ஓரத்துக்குத்தான்.

அப்படி ஓரத்துக்குப் போனது எவ்வளவு என்பதுதான் இந்தத் தேர்தலின் பெரிய செய்தி. நான் பார்த்தவரை சென்னையில் அதைத் தலைப்பாக்கியவர் யாரும் இல்லை. வெளியேறியவர்களுக்கு விழுந்த ஓட்டு 33,21,666. அதிலிருந்து அநுரவுக்குச் சேர்ந்தது 1,05,264. சஜித்துக்குச் சேர்ந்தது 1,67,867. இரண்டும் கூட்டினால் 2,73,131. நூற்றுக்கு எட்டுப் பேரின் சீட்டுதான் பயன்பட்டது. மற்ற 92 பேர் ஒற்றைப் புள்ளடியோடு நிறுத்திக்கொண்டார்கள், அல்லது அடுத்த விருப்பத்தையும் வெளியேறிய ஒருவருக்கே போட்டார்கள். நாற்பது வருடப் பழக்கம் ஒரே நாளில் போய்விடுமா? எட்டுத் தேர்தலில் ஒரு முறைகூட 2-ஐ எண்ணவில்லை. ஒற்றைப் புள்ளடி போட்டாலும் ஓட்டுச் செல்லும். பிறகு யார் மெனக்கெட்டு 2, 3 எழுதுவார்கள்?

இறுதியில் அநுர 57,40,179, சஜித் 45,30,902. இருவரின் கூட்டுத்தொகையை மட்டும் நூறாக வைத்தால் அநுரவுக்கு 55.89 வரும். செல்லுபடியான மொத்த ஓட்டை நூறாக வைத்தால் 43.1-தான் வரும். 66.6 லட்சம் என்ற முதல் எல்லையைக் கடைசி வரை அவர் தொடவில்லை. தொட வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டாம் எண்ணிக்கையில் மிஞ்சிய இருவரில் யாருக்கு அதிகமோ அவர் அதிபர், அவ்வளவுதான் விதி. ஆகவே ‘55.89 சதவீத மக்கள் ஆதரவு’ என்று எழுதுவது பிழை. ‘விருப்பு வாக்கால் தப்பித்தார்’ என்று எழுதுவது அதைவிடப் பெரிய பிழை. முதல் எண்ணிக்கையில் அவர் 12,71,880 ஓட்டு முன்னால் இருந்தார். விருப்பு வாக்கு எண்ணிய பிறகு அது 12,09,277 ஆகக் குறைந்தது. அவரைக் கரை சேர்த்தது முதல் எண்ணிக்கைதான். சேர்ந்த விருப்பு வாக்கில் பெரும்பங்கு சஜித்துக்குத்தான் போயிருக்கிறது.

நம்மவர்களுக்குப் புரிய ஓர் ஒப்பீடு. 1969 ஆகஸ்டில் நம் குடியரசுத் தலைவர் தேர்தலில் வி.வி. கிரிக்கு முதல் விருப்பத்தில் கிடைத்த ஓட்டு மதிப்பு 4,01,515, சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548, சி.டி. தேஷ்முக்குக்கு 1,12,769. தேவைப்பட்டது 4,18,169. நம் முறையில் கடைசி ஆளிலிருந்து ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வருவார்கள். முடிவில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. கிரி எல்லையைத் தாண்டித்தான் ஜெயித்தார். செல்லுபடியான 8,36,337-ல் கடைசிச் சுற்றில் கணக்கில் வராமல் போனது சுமார் பதினோராயிரம் மட்டுமே. அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும், அடுத்த விருப்பத்தின் மதிப்பு அறிந்தவர்கள். கோடிப் பேர் போடும் தேர்தலில் அதையே எதிர்பார்த்ததுதான் தவறு.

அப்படியானால் ‘57 சதவீதம் பேர் எதிர்த்தார்கள்’ என்பது? கணக்கு சரி, ஆனால் அந்த அளவுகோலை நம் வீட்டிலும் வைத்துப் பார்க்க வேண்டுமே. 2021-ல் தமிழ்நாட்டில் 159 இடங்களைப் பிடித்த தி.மு.க. கூட்டணி வாங்கியது 45 சதவீதச் சொச்சம். 55 சதவீதம் பேர் எதிர்த்த அரசு என்று யாராவது அதைச் சொன்னோமா? 38 பேர் நின்ற தேர்தலில் ஒருவருக்குப் போடாத ஓட்டெல்லாம் அவருக்கு எதிர் ஓட்டு என்று கொள்வது வம்புக்கு உதவும், வாதத்துக்கு உதவாது. (இலங்கை நாடாளுமன்றத்தில் 2024 நவம்பரில் அநுர அணிக்குக் கிடைத்ததும் அதே 159 என்பது ஒரு தற்செயல். அங்கே மொத்தம் 225.)

இன்னொரு கோளாறு, நேரம் சம்பந்தப்பட்டது. அங்கே முதலில் வெளியாவது தபால் வாக்கு, அதாவது அரசு ஊழியர்களின் வாக்கு. அதில் அநுரவுக்கு 50 சதவீதத்துக்கு மேல் இருந்ததால், ஞாயிறு விடிவதற்குள் ‘முதல் சுற்றிலேயே வெற்றி’ என்று இங்கே வாட்ஸ்அப்பில் வாழ்த்துப் படங்கள் பறந்தன. சாயங்காலத்துக்குள் எண்ணிக்கை 42-க்கு இறங்கியதும் அதே குழுக்களில் ‘ஏதோ தில்லுமுல்லு’ என்றார்கள். தில்லுமுல்லு ஒன்றுமில்லை. தபால் ஓட்டு ஒரு தனிக் கூட்டத்தின் ஓட்டு. ஊர் ஓட்டு சேரச் சேர விகிதம் மாறத்தான் செய்யும்.

இனி யாழ்ப்பாணம். முதலில் ஒரு சின்ன எச்சரிக்கை: தேர்தல் கணக்கில் ‘யாழ்ப்பாணம்’ என்றால் கிளிநொச்சியும் உள்ளே. ‘வன்னி’ என்றால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும். நிர்வாக மாவட்டம் 25, தேர்தல் மாவட்டம் 22. வரைபடம் போடுகிறவர்கள் இதைக் கவனிக்காமல் கிளிநொச்சியை வெள்ளையாக விட்டுவிடுகிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் சஜித்துக்கு 1,21,177, அரியநேத்திரனுக்கு 1,16,688, ரணிலுக்கு 84,558, அநுரவுக்கு 27,086. சதவீதமாக 32.6, 31.4, 22.8, 7.3. ‘தமிழர்கள் சேர்ந்து அநுரவை நிராகரித்தார்கள்’ என்று இதைப் படிப்பது பாதி உண்மை. 7 சதவீதத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை: அநுரவின் ஜே.வி.பி. 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தை எதிர்த்த கட்சி, வடக்கு–கிழக்கு மாகாண இணைப்பை 2006-ல் நீதிமன்றத்துக்குப் போய்ப் பிரித்த கட்சி. அது அங்கே யாருக்கும் மறக்கவில்லை. ஆனால் ‘சேர்ந்து’ என்ற சொல்தான் பொருந்தவில்லை. 2019-ல் இதே யாழ்ப்பாணத்தில் சஜித் வாங்கியது 83.86 சதவீதம். அதுதான் சேர்ந்து போட்ட ஓட்டு, கோத்தபாய வந்துவிடக் கூடாது என்று போட்டது. ஐந்து வருடத்தில் அது மூன்றாகப் பிளந்திருக்கிறது. தமிழரசுக் கட்சி சஜித்தை ஆதரிக்கச் சொன்னது; அதே கட்சிக்காரரான அரியநேத்திரன் சங்குச் சின்னத்தில் பொது வேட்பாளராக நின்றார். கட்சியின் பேச்சைக் கேட்டுச் சஜித்துக்குப் போட்டவர்களும் அரியநேத்திரனுக்குப் போட்டவர்களும் ஏறக்குறைய சமம்.

அரியநேத்திரனின் 1.7 சதவீதமும் வகுத்தல் பிழைதான். அவர் வாங்கிய 2,26,343-ல் மூன்றில் இரண்டு பங்கு யாழ்ப்பாணம், வன்னி இரண்டிலிருந்து மட்டுமே. தெற்கே சிங்கள மாவட்டங்களான காலிக்கும் மாத்தறைக்கும் சேர்த்து அவரை வகுத்தால் 1.7-தான் வரும். ‘மாபெரும் எழுச்சி’ என்று எழுதிய நம்மூர்த் தமிழ்த் தேசிய நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: வன்னியில் அவருக்கு 17 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, மட்டக்களப்பில் அவர் நாலாவது இடம். மட்டக்களப்பு அவருடைய சொந்த மாவட்டம்.

தேயிலைத் தோட்டங்களின் மலையகத் தமிழர்களைப் பற்றி இந்தச் சண்டையில் யாரும் பேசுவதே இல்லை, இத்தனைக்கும் அவர்களில் பலருக்கு வேர் தமிழ்நாட்டில். சிங்கள ஓட்டும் கணிசமாக உள்ள மலையக மாவட்டமான நுவரெலியாவில் சஜித்துக்கு 42.6, ரணிலுக்கு 29, அநுரவுக்கு 22. மலையகக் கட்சிகளில் மனோ கணேசன் அணி சஜித்தோடும் இ.தொ.கா. (இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ்) ரணிலோடும் நின்றதன் கணக்கு அது. ‘ஈழத் தமிழர் தீர்ப்பு’ என்று தலைப்புப் போட்டால் இவர்கள் எந்தப் பக்கம் சேர்வார்கள்?

இப்போது நவம்பர் கணக்கு. மட்டக்களப்பு தவிர 21 மாவட்டங்களிலும் அநுர அணியே முதலிடம், யாழ்ப்பாணம் உட்பட. ‘யாழ்ப்பாணமே மாறிவிட்டது’ என்று துள்ளுகிறார்கள். இரண்டே மாதத்தில் 27,086 ஓட்டு 80,830 ஆனது நிஜமான மாற்றம்தான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது யாழ்ப்பாணத்தின் 25 சதவீதம். கால் பங்கு ஓட்டுக்கு ஆறில் மூன்று இடம் எப்படி வந்தது? நாடாளுமன்றத் தேர்தல் முறையில் மாவட்டத்தில் முதலிடம் பிடிக்கும் கட்சிக்கு ஓர் இடம் போனஸ். 5 சதவீதத்துக்குக் கீழே வாங்கியவர்களின் ஓட்டு கழிந்துபோகும். மிச்ச ஐந்து இடத்தை மீதி ஓட்டுக்கு ஏற்பப் பங்கிடுவார்கள். தமிழ்க் கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் ஆளுக்கொரு பக்கம் சிதறியதால் அந்தப் போனஸ் கைமாறியது. செப்டம்பரில் மூன்றாகப் பிளந்த ஓட்டு நவம்பரில் இன்னும் பொடியானது என்பதுதான் அந்த மூன்று இடத்தின் பாதிக் கதை.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வெளிநாட்டுத் தேர்தல் அட்டவணை போடும்போது ஒவ்வொரு சதவீதத்தின் பக்கத்திலும் ‘எதில்’ என்று ஒரு சொல் சேருங்கள்: பதிவானதிலா, செல்லுபடியானதிலா, கடைசி இருவரின் கூட்டிலா. விருப்பு வாக்கு எண்ணினால், கணக்கில் சேராமல் போன சீட்டுக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். மாவட்டப் படம் போட்டால் தேர்தல் மாவட்ட எல்லையைப் போடுங்கள். அட்டவணையில் நாலு சென்டிமீட்டர் கூடும். வாசகர் கடிதப் பக்கத்தில் அதைவிட அதிக இடம் மிச்சமாகும்.

ஒரு பின்குறிப்பு: அநுரவின் பெயரை ‘அனுரா’, ‘அனுர’, ‘அனுரகுமாரா’ என்று ஒரே பக்கத்தில் மூன்று விதமாக அச்சிட்டிருந்தார்கள். இலங்கைத் தமிழ் ஏடுகள் பல ‘அநுர’ என்று எழுதுகின்றன.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
வளசரவாக்கம், சென்னை-87.