மே மாத மாரிஸ் ஆட்டம்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

பொங்கல் விழாவன்று நம் பிள்ளைகள் ஒயிலாட்டம் ஆடியபோது, மண்டபத்தின் பின்கதவருகே முதியவர் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்ததைச் சிலர் கவனித்திருப்பீர்கள். மண்டபச் சாவியை வாங்க வந்தவர் அவர். ஆட்டம் முடியும்வரை நகரவில்லை. முடிந்ததும் என்னிடம் வந்து, கோட்டுப் பையிலிருந்து இரண்டு பெரிய வெள்ளைக் கைக்குட்டைகளை எடுத்து, கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்துக் காட்டினார். கைக்குட்டைகள் தலைக்கு மேலே விரிந்து, அவர் கால் தரையைத் தொட்ட அதே நொடியில் கீழே இறங்கின. "நாங்களும் இதைத்தான் செய்கிறோம்" என்றார்.

அவர் நம் பகுதி மாரிஸ் குழுவின் வாத்தியார். மாரிஸ் என்பது இங்கிலாந்தின் நாட்டுப்புற ஆட்டம். அவர்கள் வழக்கில் 'ஃபோர்மேன்'. குளிர்காலம் முழுவதும் புதன்கிழமை இரவுகளில் அவர்கள் பயிற்சி செய்வது நம் வகுப்புகள் நடக்கும் இதே மண்டபத்தில்தான். மே 1 முதல் கோடை முடியும்வரை வெளியே ஆடுவார்கள். இந்த ஆண்டு நம் பிள்ளைகளையும் தங்களுடன் வரும்படி அழைத்திருக்கிறார்கள். ஆசிரியர்களுடன் கலந்து பேசி ஒப்புக்கொண்டேன். இதனால் தமிழ் வகுப்பு ஒரு மணி நேரம்கூடக் குறையாது. ஆனாலும் "தமிழ்ப் பள்ளிக்கு இது எதற்கு?" என்று மூன்று பெற்றோர்கள் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை. ஆகவே கடிதம் சற்று நீளும்.

மாரிஸ் ஆட்டத்தில் பெரும்பாலும் ஆறு பேர், மூவர் மூவராக இரண்டு வரிசையில் நிற்பார்கள். முழங்காலுக்குக் கீழே தோல்பட்டையில் சிறு மணிகளை வரிசையாகக் கோத்துக் கட்டியிருப்பார்கள். நாம் கணுக்காலில் கட்டும் சலங்கை அவர்களுக்குக் கெண்டைக்கால்வரை ஏறியிருக்கிறது. சில ஆட்டங்களுக்குக் கைக்குட்டை, சிலவற்றுக்குக் கோல். அந்தக் கோல் நம் கோலாட்டக் கோலைப் போல மெல்லியதன்று. விரல் மூட்டில் பட்டால் வீங்கிவிடும். பிள்ளைகளுக்கு நம் கோல்களையே கொடுப்போம் என்று பேசி வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒருவர் மெலோடியன் என்னும் துருத்தி வாத்தியமோ ஃபிடில் என்னும் வயலினோ வாசிப்பார். சில குழுக்களில் ஒருவர் குதிரை உருவத்தை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து சிறுவர்களை விரட்டுவார். பொய்க்கால் குதிரை பார்த்த கண்ணுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை; பிள்ளைகளிடமும் அப்படிச் சொல்ல வேண்டாம். கையில் கிடைத்த துணியையும் கோலையும் வைத்துக்கொண்டு ஆட இரண்டு நாட்டு உழைப்பாளிகளுக்கும் தெரிந்திருந்தது.

இது மதச் சடங்கா என்று ஒரு தாயார் கேட்டார். இல்லை. மிகப் பழைய சடங்கின் எச்சம் என்று பலரும் சொல்வதுண்டு. அதற்குச் சான்று கிடையாது. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துக் குறிப்பு 1448ஆம் ஆண்டின் ஒரு கணக்கு: லண்டன் பொற்கொல்லர் சங்கம் மாரிஸ் ஆட்டக்காரர்களுக்கு ஏழு ஷில்லிங் கொடுத்தது. அரண்மனை விருந்துகளிலும் ஆடப்பட்டு, பின்னர் கிராமத்து உழைப்பாளிகளிடம் வந்து சேர்ந்தது இந்த ஆட்டம்.

அந்த உழைப்பாளிகளைப் பற்றித்தான் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நாம் பஸ் ஏறிப் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது ஹெடிங்டன் குவாரி என்னும் ஊர். 1899 டிசம்பர் 26 அன்று, உறைபனியில் கட்டட வேலை நின்றுபோனதால், அவ்வூர் ஆட்டக்காரர்கள் பருவம் தப்பி நான்கு காசு தேட வீட்டு வாசல்களில் ஆடினார்கள். ஒரு வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருந்த இசையாசிரியர் செசில் ஷார்ப் அதைப் பார்த்தார். கான்சர்ட்டினா என்னும் சிறு துருத்தி வாத்தியம் வாசித்த வில்லியம் கிம்பர் செங்கல் அடுக்கும் கொத்தனார், வயது 27. மறுநாள் அவரைத் திரும்ப வரவழைத்து, ஐந்து மெட்டுகளை ஷார்ப் எழுதிக்கொண்டார். சில ஆண்டுகள் கழித்து, லண்டனில் தையல் வேலை செய்த ஏழைப் பெண்களுக்குச் சங்கம் நடத்திவந்த மேரி நீல், 1905இல் கிம்பரையே அழைத்துவந்து அவர்களுக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கச் செய்தார். அந்தப் பெண்கள் ஊர் ஊராகப் போய் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பெண் பிள்ளைகளை அனுப்பலாமா என்று தயங்குபவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். பின்னாளில் ஆண்களுக்கு மட்டுமே என்று கதவடைத்த அமைப்பும் இருந்தது. 1975இல் பெண்கள் தமக்கெனத் தனிக் கூட்டமைப்பு கண்டார்கள். நம்மை அழைத்திருக்கும் குழுவில் இருபாலரும் ஆடுகிறார்கள்.

என் தாய்மாமா மதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒயிலாட்ட வாத்தியாராக இருந்தவர். திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே, வேலை முடிந்து வந்த ஆட்களை நிலா வெளிச்சத்தில் நிறுத்தி அடி சொல்லிக்கொடுப்பார். எத்தனையோ பாட்டுகள் பாடினார். எனக்கு நினைவிலிருப்பவை மூன்றே மூன்று; அவற்றைத்தான் நம் பிள்ளைகளுக்குக் கற்பித்திருக்கிறேன். அவர் வாசலில் எழுதிக்கொள்ள யாரும் வந்து நிற்கவில்லை. நானும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அந்த ஃபோர்மேன் எங்கள் ஆட்டத்தைக் கண்கொட்டாமல் பார்த்தபோது எனக்கு மாமாவின் நினைவு வந்தது. பிள்ளைகளை இவர்களுடன் அனுப்ப வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

இனி நாள்களும் நேரங்களும். மே 1 வெள்ளிக்கிழமை அதிகாலை ஆக்ஸ்போர்டு. காலை ஆறு மணிக்கு மாட்லின் கல்லூரிக் கோபுரத்தின் உச்சியிலிருந்து பாடகர் குழு பாடும். அது முடிந்ததும் தெருக்களில் மாரிஸ் ஆட்டம் தொடங்கும். ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள். ஆகவே கோபுரத்தை ஒட்டிய பாலத்தின் பக்கம் நாம் போகப்போவதில்லை. ஹை ஸ்ட்ரீட்டில் தள்ளி நின்று பாட்டைக் கேட்டுவிட்டு, ராட்கிளிஃப் சதுக்கத்துக்கு நடந்துவிடுவோம். ஒவ்வொரு பிள்ளையுடனும் பெற்றோரில் ஒருவர் வந்தே ஆக வேண்டும். ஏழரைக்கெல்லாம் கலைந்துவிடுவோம், பிள்ளைகள் பள்ளிக்கு நேரத்தோடு போய்ச்சேரலாம். விடியற்காலைக் குளிர் எலும்பைத் துளைக்கும். தடித்த காலுறை, சூடாக ஏதாவது ஒரு குடுவையில் கொடுத்தனுப்புங்கள்.

மே 16 சனிக்கிழமை பிற்பகல்தான் நமக்கு முக்கியமான நாள். பக்கத்துக் கிராமத்துப் புல்வெளியில் அவர்களது ஆட்டங்களுக்கு இடையே நம் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் ஒயிலாட்டம் ஆடுவார்கள். கடைசி ஆட்டத்தில் இரு குழுவினரும் சேர்ந்து ஆடுவார்கள்.

மே 25 திங்கட்கிழமை, வங்கி விடுமுறையன்று, பேம்ப்டன் கிராமத்துக்குப் பேருந்தில் போகிறோம். அங்கே பரம்பரையாக ஆடிவரும் குழுக்கள் வீட்டுத் தோட்டங்களிலும் தெருக்களிலும் நாள் முழுவதும் ஆடும். அது அவ்வூர்க்காரர்களின் நாள். நாம் பார்க்க மட்டுமே போகிறோம், ஆடப் போவதில்லை. வாளில் செருகிய தகரப் பெட்டியில் கேக் ஒன்றைச் சுமந்து வருவார் ஒருவர். ஒரு துண்டு வாங்கித் தின்றால் நல்லது நடக்கும் என்பது ஊர் நம்பிக்கை. முட்டை சேர்த்திருப்பார்கள். சாப்பிடாத குடும்பத்தினர் ஒப்புதல் படிவத்தில் குறிப்பிட்டுவிடுங்கள்.

மதுக்கடை வாசல்களில் ஆடுவதும் மாரிஸ் வழக்கம்தான். பிள்ளைகள் உள்ளே போகமாட்டார்கள். அதற்கு நான் பொறுப்பு. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வேல்ஸ் எல்லையோர மாவட்டங்களின் பாணியில் ஆடும் சில குழுக்கள் முகம் முழுக்கக் கறுப்புச் சாயம் பூசி ஆடிவந்தன. நம் பிள்ளைகளின் மனத்தை அது புண்படுத்தும் என்பதில் எனக்கு ஐயமில்லை. 2020இல் நாட்டின் மாரிஸ் அமைப்புகள் மூன்றும் கூடி அதைக் கைவிடச் சொல்லிவிட்டன. இப்போது நீலம், பச்சை என்று வேறு நிறங்களையோ முகமூடிகளையோ பயன்படுத்துகிறார்கள். நம்மை அழைத்த குழுவினர் முகத்தில் எதுவுமே பூசுவதில்லை. நேரில் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மே மாதம் தேர்வுக் காலம். அவர்கள் வரவேண்டியதில்லை, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். மற்றவர்கள் ஏப்ரல் 11க்குள் ஒப்புதல் படிவத்தை வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். ஆடும் பிள்ளைகளுக்குப் பெரிய வெள்ளைப் பருத்திக் கைக்குட்டைகள் இரண்டு தேவை. பட்டோ நைலானோ வேண்டாம். காற்றில் விரியாமல் சுருண்டுவிடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில், ஊரில், யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ தேனியிலோ திருநெல்வேலியிலோ, ஒயிலாட்டப் பாட்டோ கும்மிப் பாட்டோ கோலாட்டப் பாட்டோ தெரிந்த பெரியவர்கள் இருந்தால், இந்த வாரமே தொலைபேசியில் அழைத்துப் பாடச் சொல்லுங்கள். எழுத வேண்டாம், குரலைப் பதிவு செய்து அனுப்பினால் போதும். பாதி மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை. ஏப்ரல் 18 சனிக்கிழமை, வகுப்பு முடிந்ததும் முதல் கூட்டுப் பயிற்சி. அதற்கு முன் வந்து சேரும் மெட்டுகளைத் தம் ஃபிடிலில் வாசித்துப் பார்ப்பதாக அந்தக் குழுவின் இசைக்கலைஞர் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
தலைமையாசிரியர்