சொந்தத் தொழில் செய்தவரிடம் ரிலீவிங் லெட்டர் கேட்காதீர்கள்

மண்டபம் முதல் தொண்டி வரை இராமநாதபுரம் கடலோரத்தில் இறால், நண்டு, கணவாய் வாங்கிப் பதப்படுத்தும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கும் பணியாளர் துறை மேலாளர்களுக்கும் வணக்கம்.

கொள்முதல் மேற்பார்வையாளர் வேலைக்கு உங்களில் ஒரு நிறுவனம் அண்மையில் ஒட்டிய அறிவிப்பில், "பணி இடைவெளி உள்ளவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்" என்று ஒரு வரி இருந்தது. அது யாரைச் சொல்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். உங்களிடமே வேலை கற்று, பிறகு சொந்தமாக மீன் எடுத்து விற்று, அது நிலைக்காமல் மறுபடி மாதச் சம்பளத்துக்கு வர நினைப்பவர்களைத்தான்.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. சொந்தத் தொழில் செய்த ஆண்டுகளை அனுபவமாகக் கணக்கிடுங்கள். ரிலீவிங் லெட்டருக்கு (வேலையிலிருந்து விடுவித்ததாகப் பழைய முதலாளி தரும் கடிதம்) பதிலாக, தொழில் நடந்ததற்கான தாள்களை வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது நடப்பது என்ன? கடைசி முதலாளியின் கடிதமும் மூன்று மாத பே ஸ்லிப்பும் இல்லையென்றால் விண்ணப்பமே உள்ளே போவதில்லை. தானே முதலாளியாக இருந்தவர் யாரிடம் போய்க் கையெழுத்து வாங்குவார்? "அப்படியானால் ஜிஎஸ்டி சான்று கொண்டு வாருங்கள்" என்கிறார்கள். உறைய வைக்காத, ஐஸில் வைத்த மீனுக்கும் இறாலுக்கும் ஜிஎஸ்டி கிடையாது. வரி விலக்குள்ள சரக்கை மட்டும் விற்பவர் பதிவு செய்ய வேண்டியதில்லை என்று அந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவே சொல்கிறது. சட்டம் கேட்காத தாளை நீங்கள் கேட்டால் அவர் எங்கே போவார்? அவரிடம் இருப்பவை வேறு: உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு, சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு, நடப்புக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு. ஒருவர் தொழில் செய்தார் என்று காட்ட இவை போதும்.

மனசு பொறுக்காத இடம் இதுதான். அவர் சரக்கை வாங்கியதே உங்களில் ஒருவர். சரக்கு இறங்கும் இடத்தில் உங்கள் ஆட்கள் எழுதும் பதிவேட்டில் தேதி, இறங்குதளம், சப்ளையர் பெயர், எடை, கவுண்ட் (கிலோவுக்கு எத்தனை இறால் என்ற கணக்கு), வெப்பநிலை, லாட் எண் எல்லாம் இருக்கும். வெளிநாட்டுத் தணிக்கையாளர் வந்தால் அந்தப் பதிவேட்டைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவீர்கள். அவர்களுக்கு ஆதாரமாக நீட்டும் அதே ஏட்டில் வரிக்கு வரி பெயர் உள்ளவரிடம், "மூன்று வருஷம் என்ன செய்தீர்கள், ஆதாரம் உண்டா?" என்று கேட்பது நியாயமா ஐயா? உங்கள் கணக்குப் பிரிவு ஒரு சப்ளையர் லெட்ஜரை அச்செடுத்துக் கொடுத்தால் முடிகிற காரியம் இது.

அவருக்குத் தெரிந்த வேலையை யாரும் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதில்லை. கிலோவுக்கு 30 இறால் நிற்கும் சரக்கில் 40 கவுண்ட் கலந்திருப்பதைக் கையில் அள்ளியதும் சொல்லிவிடுவார். நம்மூர் வெயிலுக்கு ஒரு கிலோ இறாலுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும், அடியிலும் மேலேயும் இடையிலும் தூவ வேண்டும், உருகிய தண்ணீர் வடிய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஐஸை மிச்சம் பிடித்தால் மறுநாள் தலை கருத்து, விலை பாதியாகும் என்பதைச் சொந்தக் காசைக் கொடுத்துக் கற்றவர்.

பிறகு ஏன் தொழில் நின்றது? திறமைக் குறைவால் அல்ல, பணம் சுற்றும் வேகத்தால். படகுக்காரருக்கு ஏலத்திலேயே ரொக்கம் கொடுக்க வேண்டும். வலைக்கும் டீசலுக்கும் முன்பணமும் தர வேண்டும். நீங்கள் பணம் தருவதோ வாரங்கள் கழித்து. நடுவில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு வரத்து நின்றாலும் குளிர் அறை வாடகையும் வங்கி வட்டியும் நிற்பதில்லை. உங்கள் பில் பத்து நாள் முன்னால் பாஸ் ஆகியிருந்தால் இவர்களில் பலர் இன்றும் வியாபாரிகளாகவே இருந்திருப்பார்கள்.

வேலை கிடைத்தாலும், விலகிப் போனபோது வாங்கிய பழைய சம்பளத்திலேயே உட்கார வைக்கிறீர்கள். அதில்தான் அவர் கடன் தவணையும் கட்ட வேண்டும். இன்னொன்று, சேரும்போது வருங்கால வைப்பு நிதிக்குப் (பி.எஃப்.) புதிதாக யுஏஎன் எண் போடாதீர்கள். பழைய எண்ணையே தொடரச் செய்யுங்கள். பென்ஷன் பணத்தை எடுக்காமல் விட்டிருந்தால், பழைய ஆறு வருஷமும் இனி வரும் நாலு வருஷமும் சேர்ந்து பத்தாகி ஓய்வூதியத்துக்குத் தகுதி வரும். புது எண் போட்டால் அந்த ஆறு தனியே கிடக்கும். பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதியவில்லை என்றால், கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து ஊழியரே இணையத்தில் பதியலாம். அதைக் காரணம் காட்டியும் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

அரசையும் வங்கிகளையும் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதலாளி ஆகுங்கள் என்று முகாம் போடுகிறார்கள், பயிற்சி தருகிறார்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மானியம் மூன்று வருஷம் வங்கியிலேயே வைப்பாக நிற்கும். அதற்குள் தொழில் படுத்தவருக்கு வழி சொல்ல எந்த முகாமும் இல்லை. ஆனால் அந்தச் சண்டையை உங்களிடம் போடக்கூடாது, மன்னிக்கவும்.

திரும்பவும் போய்விடுவார், நம் படகுகளையும் இழுத்துக்கொண்டு போவார் என்ற உங்கள் பயம் புரிகிறது. ஆறு மாதத் தகுதிகாண் காலம் வையுங்கள், நோட்டீஸ் காலத்தை எழுதி வாங்குங்கள். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லப் போவதில்லை.

தடைக்காலம் முடிந்து ஜூன் மாதம் ஆள் எடுக்கும் முன், அந்த ஒரு வரியை நீக்கிவிட்டு, விண்ணப்பப் படிவத்தில் "சொந்தத் தொழில்: எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை" என்று ஒரு கட்டம் சேர்த்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடலோர வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவர்கள்