நிதியமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்: எடுத்ததை எழுதுறீங்க, திரும்பப் போட்டது எங்க?

எல்லா நாட்டு நிதியமைச்சர்களுக்கும், பக்கத்துல உக்காந்து அவங்களுக்கு வளர்ச்சி விகிதம் கணக்கு போட்டுக் குடுக்கிற ஆலோசகர்களுக்கும் வணக்கம்ங்க.

இதை சுற்றுச்சூழல் அமைச்சருக்கு எழுத வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. அவருக்கு எழுத ஏற்கெனவே நிறைய பேர் இருக்காங்க, அவரும் படிச்சுட்டு தலையாட்டுவார், கடைசில ஃபைல் உங்க டேபிளுக்கு வந்துதான் நிக்கும், அதான் நேரா உங்களுக்கே எழுதிட்டேன்.

பள்ளிக்கூடப் பாடத்துல இருக்கிற விஷயம்தான், புதுசா ஒண்ணும் இல்ல. ஒரு காடோ புல்வெளியோ ஆயிரக்கணக்கான வருஷம் தாக்குப்பிடிக்குதுன்னா அதுக்கு நாலு காரணம் சொல்லுவாங்க: சூரிய வெளிச்சத்துல ஓடுது, சத்து எல்லாம் சுத்தி சுத்தி அங்கயே வருது, ஒரு இனம் படுத்தாலும் இன்னொண்ணு தாங்கிக்கிற அளவுக்கு பல வகை உயிர் இருக்கு, எந்த இனமும் இடம் தாங்குற அளவுக்கு மேல ரொம்ப நாள் பெருக முடியாது. இந்த நாலுக்கும் மனுஷனுக்கு மார்க் போட்டா எதுலயும் பாஸ் ஆக மாட்டான்னு உங்களுக்கே தெரியும். ஆனா எதுல படுமோசம்ங்கிறதுலதான் எனக்கும் மத்தவங்களுக்கும் கருத்து வேறுபாடு, எல்லாரும் முதல் பாடத்தையே பேசிட்டு இருக்காங்க, எனக்கு ரெண்டாவதுலதான் பயம்.

முதல் பாடம் சூரியன். உலகம் செலவழிக்கிற எனர்ஜில இன்னிக்கும் கிட்டத்தட்ட 80 சதவீதம் நிலக்கரி, எண்ணெய், கேஸ்தான். காத்துல கார்பன் டை ஆக்சைடு தொழிற்புரட்சிக்கு முன்னாடி பத்து லட்சத்துல 280 பங்கு இருந்தது, இப்போ 420ஐ தாண்டிருச்சு. மோசம்தான், ஆனா மாத்து வழி கண்ணு முன்னாடி இருக்கு, சோலார் வருஷா வருஷம் ஏறிட்டு வருது, பிரச்சினை வேகம்தான். (இன்னொண்ணு: இயற்கைல எதுவுமே வீணாகாதுன்னு சொல்லுவாங்களே, அது முழு உண்மை இல்ல. நிலக்கரியே இயற்கை மட்க வைக்காம விட்ட மிச்சம்தான். கோடிக்கணக்கான வருஷமா கொஞ்சம் கொஞ்சமா புதைஞ்சு ஒதுங்கின கார்பனை நாம முன்னூறு வருஷம்கூட எடுத்துக்காம மேல அனுப்பிட்டு இருக்கோம். எரிக்கிறதை விட அந்த வேகம்தான் ஊரைக் கெடுக்குது.)

இப்போ ரெண்டாவது. சத்து திரும்பி வர்ற விஷயம். இதுல பாஸ்பரஸை மட்டும் எடுத்துக்கறேன், ஏன்னா உங்க கணக்குல எங்க ஓட்டை இருக்குன்னு அது மாதிரி எதுவும் காட்டாது.

டிஎன்ஏல பாஸ்பரஸ் இருக்கு, எலும்புல இருக்கு, செல்லுக்குள்ள சக்தியைத் தூக்கிட்டுப் போற ஏடிபில இருக்கு. அதுக்குப் பதிலா வேற ஒண்ணைப் போட முடியாது. நைட்ரஜன்னா பரவால்ல, காத்துல 78 சதவீதம் அதுதான், ஹேபர், போஷ்னு ரெண்டு ஜெர்மன் விஞ்ஞானிங்க கண்டுபிடிச்ச முறைல எடுத்து உரமா போடுறோம், கேஸ் செலவாகுது, மிச்சம் ஓடி ஆத்தைக் கெடுக்குது, எல்லாம் சரி, ஆனா கடைசில பாக்டீரியா அதுல ஒரு பங்கை மறுபடியும் காத்துக்கே திருப்பி விட்டுரும். பாஸ்பரஸுக்கு அந்தப் பாதையே கிடையாது. அது ஆவியாகாது. கடலுக்குள்ள போய் அடில படிஞ்சா, அந்தத் தரை மறுபடி மலையா எழும்பி, மழைல கரைஞ்சு வந்தாத்தான் உண்டு, அதுக்கு எத்தனை பட்ஜெட் போடணும்னு நீங்களே கணக்கு பண்ணிக்கோங்க.

காடு இதை எப்படி சமாளிக்குதுன்னு பாருங்க. அமேசான் மண்ணுல பாஸ்பரஸ் ரொம்பக் கம்மி. இலை விழுந்தா பூஞ்சையும் வேரும் உடனே பிடிச்சு மரத்துக்கே ஏத்திடும், அப்படியும் கொஞ்சம் மழைல அடிச்சுட்டுப் போகும். போற அந்தக் கொஞ்சத்தை கடல் தாண்டி சஹாரால இருந்து காத்துல வர்ற தூசி ஈடு கட்டுது, வருஷத்துக்கு சுமார் 22,000 டன் பாஸ்பரஸ் அப்படி வந்து விழுதுன்னு 2015ல சாட்டிலைட் தரவை வெச்சு கணக்கு போட்டாங்க, மழை எடுத்துட்டுப் போறதும் ஏறக்குறைய அதே அளவு. வரவும் செலவும் டேலி. அவ்வளவு பெரிய காட்டுக்கு நிதியமைச்சரே கிடையாதுங்க.

நாம? வருஷத்துக்கு 20 கோடி டன்னுக்கு மேல பாஸ்பேட் பாறையை, அதாவது பாஸ்பரஸ் இருக்கிற பாறையை, தோண்டுறோம், பெரும்பகுதி உரத்துக்குத்தான் போகுது. தெரிஞ்ச இருப்புல கிட்டத்தட்ட 70 சதவீதம் மொராக்கோவும் மேற்கு சஹாராவும் சேர்ந்த ஒரே பகுதில இருக்கு. தோண்டினதுல அஞ்சுல ஒரு பங்கு மாதிரிதான் மனுஷன் வாய்க்கே வந்து சேருது, மீதி சுரங்கத்துலயும் வயல்லயும் வழிலயும் சிதறிப் போயிடுது. சரி, வாய்க்கு வந்ததாவது தங்குதான்னா அதுவும் இல்ல, வளர்ந்த மனுஷன் உடம்புக்குள்ள எவ்வளவு போகுதோ ஏறக்குறைய அவ்வளவும் வெளில வந்துரும், அதுலயும் பாதிக்கு மேல சிறுநீர்லதான். அதை நாம தண்ணி ஊத்தி, குழாய் போட்டு, செலவு பண்ணி, ஆத்துல விட்டு, ஆத்துல இருந்து கடல்ல விட்டு, அங்க பாசி கொழுத்து செத்து மட்கி ஆக்சிஜனையெல்லாம் இழுத்துக்கிட்டு மீனே இல்லாம பண்ணுது. வயல்ல போட்ட உரம் மழைல கரைஞ்சு போறது இதுக்கும் மேல. மிசிசிப்பி ஆறு கலக்கிற மெக்சிகோ வளைகுடால ஒவ்வொரு கோடைலயும் இப்படி ஒரு செத்த பகுதி உருவாகுது, பல வருஷங்கள்ல அது 10,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியிருக்கு.

இதுல உங்க கணக்குப் புத்தகம் என்ன சொல்லுது? பாறை தோண்டினது உற்பத்தி. உரம் வித்தது உற்பத்தி. கழிவுநீர் ஆலை கட்டினது முதலீடு. செத்த கடலை சுத்தம் பண்ண ஆள் வெச்சா அதுவும் உற்பத்தி. எல்லாம் கூட்டல்லதான் வருது, கழித்தல் குறியே இல்ல!

சும்மா சொல்லல, நவூருன்னு ஒரு குட்டி நாடு இருக்கு, பசிபிக்ல, மொத்தமே 21 சதுர கிலோமீட்டர். நாடே பாஸ்பேட் பாறை மேலதான். 1968ல சுதந்திரம் வாங்கி சுரங்கத்தை தன் கைக்கு எடுத்துச்சு, 70கள்ல தலைக்கு வருமானத்துல உலகத்துலயே முன்வரிசைல நின்னுச்சு. ஜிடிபி, அதான் நாட்டோட மொத்த உற்பத்திக் கணக்கு, அந்தக் கண்ணால பாத்தா சூப்பர் ஸ்டார். ஆனா அது வருமானமே இல்ல, காலடி மண்ணை வித்த காசு. பாறை தீர்ந்தப்போ தீவுல கிட்டத்தட்ட 80 சதவீதம் கூர்கூரா சுண்ணாம்புக் கல்லு நிக்கிற பொட்டல், சேத்து வெச்ச நிதியையும் தப்பான முதலீட்டுல விட்டாச்சு. அந்த மக்களை நான் குறை சொல்லல, சுதந்திரத்துக்கு முன்னாடி தோண்டிட்டுப் போனது வெளிநாட்டுக்காரங்கதான். நான் சொல்றது கணக்கைப் பத்தி. முதல் போட்ட காசையே எடுத்து தின்னுட்டு வட்டின்னு எழுதினாங்க, அந்தக் கணக்குமுறையை எந்தப் பொருளாதார நிபுணரும் அப்போ தப்புன்னு சொல்ல முடியாது, ஏன்னா அதுதான் விதி. ஜிடிபி கணக்குல இன்னிக்கும் அதேதான் விதி.

அமெரிக்காவுக்கு தேசிய வருமானக் கணக்கை முதல்ல போட்டுக் குடுத்த சைமன் குஸ்நெட்ஸே 1934ல அந்த நாட்டு செனட்டுக்குக் குடுத்த அறிக்கைல, இதை வெச்சு நாட்டு நலனை அளக்க முடியாதுன்னு எழுதி வெச்சுட்டார். அளவுகோலைச் செஞ்சவரே சொன்ன எச்சரிக்கை அது.

மூணாவது, பல்வகை உயிர். 2018ல வந்த ஒரு கணக்குப்படி உலகத்துல இருக்கிற பாலூட்டிகளோட மொத்த எடைல 60 சதவீதம் நாம வளக்கிற கால்நடை, 36 சதவீதம் நாம, யானை திமிங்கலம் எல்லாம் சேத்து காட்டு உயிர் வெறும் 4. செடி பக்கம் வந்தா அரிசி, கோதுமை, மக்காச்சோளம்னு மூணே பயிர்தான் மனுஷன் தாவரத்துல இருந்து எடுக்கிற கலோரில பாதிக்கு மேல தருது. உங்க பாஷைல சொன்னா மொத்த பணத்தையும் மூணே ஷேர்ல போட்டு வெச்சிருக்கோம், எந்த ஃபண்ட் மேனேஜராவது இப்படிப் பண்ணா நீங்களே லைசென்ஸைப் பிடுங்கிடுவீங்க.

நாலாவதுதான் எல்லாரும் சண்டை போடுற ஜனத்தொகை. 2022 நவம்பர்ல 800 கோடி ஆச்சு. ஆனா ஒரு பெண்ணுக்கு சராசரியா 1960கள்ல 5 பிள்ளைன்னு இருந்தது இப்போ 2.3க்குப் பக்கத்துல வந்திருக்கு, அந்த வண்டி பிரேக் பிடிச்சாச்சு. பிரேக் பிடிக்காதது நாம ஒவ்வொருத்தரும் இழுக்கிற பொருளோட எடை. அதுவும் சமமா இழுக்கல, ஏழை நாட்டுல பிறந்த குழந்தை மேல பழியைப் போட்டுட்டு பணக்கார நாடு தப்பிக்கிற வேலையை தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

அலாஸ்கா பக்கம் பெரிங் கடல்ல செயின்ட் மேத்யூன்னு ஒரு தீவு. 1944ல அங்க 29 கலைமான்களைக் கொண்டுபோய் விட்டாங்க. சாப்பிட லைக்கன்னு பாசி மாதிரி படர்ற ஒண்ணு தரை முழுக்க, வேட்டையாட ஓநாயும் இல்ல. 1963ல 6,000 மான். வருஷத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல வளர்ச்சி! அந்த வருஷம் அந்தத் தீவுக்கு ஒரு நிதியமைச்சர் இருந்திருந்தா பட்ஜெட் உரைல எவ்வளவு கைதட்டல் வாங்கியிருப்பார்னு யோசிச்சுப் பாத்தேன். லைக்கன் ரொம்ப மெதுவா வளர்ற ஜாதி, அது குறைஞ்சுட்டே வந்தது மான் எண்ணிக்கைல தெரியவே தெரியாது, தரையைப் பாத்தாத்தான் தெரியும். ஒரு கடுமையான குளிர்காலம் போச்சு, 1966ல எண்ணினா 42 மான்தான் மிச்சம். நீங்க மானை மட்டும் எண்ணிட்டு இருக்கீங்க சார், அதுதான் என் குறை.

தரையை எண்ண முறை இல்லையான்னா இருக்கு, அதுதான் கடுப்பே. இயற்கை வளக் கணக்குக்கு ஐநா 2012லயே சர்வதேச தரநிலை கொண்டுவந்தாச்சு, காடு சதுப்புநிலம் மாதிரி சூழல் அமைப்புகளோட கணக்கு எப்படி எழுதணும்னு 2021ல சேத்தாச்சு. ஆனா அந்தக் கணக்கைப் போடுற நாடுகள்லயும் அது தனி ரிப்போர்ட்டா வந்து தனியாவே கிடக்குது, வட்டி விகிதத்தையோ வரியையோ அது அசைச்சதா நான் பாக்கல. ஹெர்மன் டேலின்னு பொருளாதார நிபுணர், உங்க ஆளுதான், உலக வங்கில வேலை பாத்தவர், மூணு விதி சொன்னார்: வளர்றதை வளர்ற வேகத்துக்குள்ள எடு, வளராததை அதுக்கு மாத்து உருவாக்குற வேகத்துக்குள்ள எடு, கழிவை பூமி செரிக்கிற வேகத்துக்குள்ள விடு. முதல் விதியை மீறினதுக்கு கனடாவோட நியூஃபவுண்ட்லாந்து காட் மீன் சாட்சி, 1992ல அதைப் பிடிக்கத் தடை போட்டாங்க, 30 வருஷத்துக்கு மேல ஆகியும் பழைய அளவுக்கு வரல. மூணாவது விதிக்கு பிளாஸ்டிக்கே போதும், 2015 வரைக்கும் உருவான பிளாஸ்டிக் கழிவுல 9 சதவீதம்தான் மறுசுழற்சிக்குப் போயிருக்கு.

முடியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. ஓசோன் விஷயத்துல, அதை அரிக்கிற ரசாயனங்களை நிறுத்த 1987ல மாண்ட்ரியல்ல ஒப்பந்தம் போட்டு செஞ்சு காட்டியிருக்கோம், ஏழை நாடுகளும் மாறணும்னு 1990ல தனி நிதி உருவாக்கினாங்க, அந்தப் பணம் உங்க இலாகால இருந்துதான் போச்சு, ஓசோன் படலம் இப்போ தேறிட்டு வருது. ஜெர்மனி 2017ல விதி போட்டு, பெரிய கழிவுநீர் ஆலைகள் 2029ல இருந்து கசடுல இருக்கிற பாஸ்பரஸைத் திருப்பி எடுக்கணும்னு சொல்லியிருக்கு. காடு தானா பண்றதை சட்டம் போட்டுப் பண்ண வேண்டியிருக்கு, பரவால்ல, பண்றாங்களே.

அதனால கேக்கிறது இதுதான். அடுத்த பட்ஜெட் உரைல வளர்ச்சி விகிதத்தை எந்தப் பக்கத்துல வாசிக்கிறீங்களோ அதே பக்கத்துல, அடுத்த வரிலயே, இந்த வருஷம் மண், நீர், மீன், தாது எவ்வளவு குறைஞ்சதுங்கிற எண்ணையும் வாசிங்க. அது பின்னிணைப்புல வரக் கூடாது, வேற அமைச்சர் வாயில இருந்தும் வரக் கூடாது. சுரங்கத்துல இருந்து வர்ற காசை வருமானத் தலைப்புல இருந்து எடுத்து சொத்து விற்பனைன்னு தனியா எழுதுங்க, அரசுப் பங்கை வித்தா அப்படித்தானே எழுதுறீங்க. புதுசா ஒரு ரசாயனத்துக்கு வரிச்சலுகை கேட்டு எந்தக் கம்பெனி வந்தாலும், இதை எந்த உயிர் செரிக்கும், எத்தனை வருஷத்துலன்னு எழுதி வாங்கிட்டு கையெழுத்துப் போடுங்க. பதில் இல்லைன்னா சலுகையும் இல்ல.

எண் எவ்வளவு மோசமா இருந்தாலும் பரவால்ல, முதல் வருஷம் நாங்க திட்ட மாட்டோம். ரெண்டாவது வருஷம் அது எந்தப் பக்கம் நகர்ந்ததுன்னு கேப்போம்.

இப்படிக்கு,
உங்க உரையை வருஷா வருஷம் முழுசா கேக்குற ஒருத்தர்