வாசல் சைப்ரஸை வெட்ட வேண்டாம், சாந்தி

சான் ஹோசே
ஜனவரி 18

அன்புள்ள சாந்தி,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பென்சில் மாதிரி நின்ற சைப்ரஸ் மரங்கள் இரண்டும் ஐப்பசி மழைக்குப் பிறகு இப்படியா விரிந்து கிடக்கின்றன! உன் வீட்டுக்காரர் அடியோடு வெட்டிவிடலாம் என்கிறாராம். அரிவாளைக் கொஞ்ச நாள் பரணில் போடச் சொல். எங்கள் வேலியோரத்து ஆறு மரங்களுக்கும் இதே கதிதான் வந்தது. இன்று ஐந்து நேராக நிற்கின்றன.

சைப்ரஸில் இயல்பாகவே கிளை தொங்கும் வகையும் உண்டு. காஷ்மீர் சைப்ரஸ் அப்படித்தான், அதன் அழகே அதில்தான். உன்னுடையது இத்தாலிய சைப்ரஸ். அதன் கிளைகள் பக்கவாட்டில் போகாமல் தண்டை ஒட்டியே மேலே ஏறும். ஒல்லியான, நீளமான கிளைகள். மழையில் இலையெல்லாம் நீர் கோத்துக்கொண்டால் அந்தக் கனத்தில் வெளியே சாயும். காய்கள் நிறைய இருந்தால் இன்னும் மோசம்.

ஆனால் மழையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. தேயிலைக்குப் போடும் யூரியாவில் ஒரு கை இதற்கும் விழுகிறது என்று நீயே முன்பு சொன்னாய். அதை இன்றோடு நிறுத்து. மத்தியதரைக் கடல் பக்கத்து மரம் இது. வறண்ட கோடையும் மெலிந்த மண்ணும் அதற்குப் பழக்கம். உரமும் தண்ணீரும் அதிகமானால் கிளை மளமளவென்று நீளும், ஆனால் உறுதி ஏறாது. நான் புல்தரைக்கு விட்ட தண்ணீர்தான் என் மரங்களைக் கெடுத்தது. அதைத் திருப்பிவிட்ட மறுவருஷமே வளர்ச்சி குட்டையாகவும் கெட்டியாகவும் வந்தது. வேர் பிடித்த மரத்துக்கு நீண்ட வறட்சியில் மட்டும் தண்ணீர் போதும்.

சரி, சாய்ந்ததை என்ன செய்வது? இலை நன்றாகக் காய்ந்த நாளில் இரண்டு பேராக இறங்குங்கள். ஒருவர் கிளையைத் தூக்கிப் பிடிக்க, மற்றவர் உள்ளே இருக்கும் தடித்த கிளையோடு சேர்த்துக் கட்ட வேண்டும். பழைய காட்டன் புடவையை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்துக்கொள், அதைவிட நல்ல கட்டு கிடையாது. ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும். வருஷம் ஒருமுறை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டு. நான் தூண்டில் நரம்பால் இறுக்கிக் கட்டிவிட்டு இரண்டு வருஷம் திரும்பிப் பார்க்கவில்லை. நரம்பு பட்டைக்குள் பதிந்து, அதற்கு மேலே எல்லாம் காய்ந்துபோனது. அந்த ஆறாவது மரத்தை நினைத்தால் இப்போதும் மனசு கேட்பதில்லை.

கட்டியும் நிற்காத நீளக் கிளைகளைக் கவாத்து செய்யலாம். மூன்றில் ஒரு பங்கு போதும், பச்சை இலை மிச்சம் இருக்க வேண்டும். தேயிலைச் செடியை வெட்டுவது போல மொட்டையாக வெட்டிவிடாதே. தேயிலை துளிர்க்கும். சைப்ரஸ், இலையில்லாத பழைய கட்டையிலிருந்து துளிர்க்காது, அந்த ஓட்டை அப்படியே நிற்கும். மழை விட்டிருக்கும் இந்த மாதங்களே கவாத்துக்கு நல்லது, ஈரத்தில் வெட்டினால் பூஞ்சை ஏறும்.

போன மாதம் மகளோடு இங்கே கலிபோர்னியாக் கடற்கரையில் இருக்கும் பெபிள் பீச் போய் அந்தத் தனி சைப்ரஸைப் பார்த்துவிட்டு வந்தேன். கடலுக்கு மேலே பாறையில் நிற்கிறதே, அதுதான். மான்டரி வகை, வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்குக் கொண்டுவந்து நட்ட அதே ஜாதி. அதைப் பல வருஷமாக இரும்பு வடம் போட்டுத்தான் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். 2019 பிப்ரவரிப் புயலில் ஒரு பெரிய கிளை போய்விட்டது. மிச்சத்தோடு நிற்கிறது. உன் வாசல் மரங்களைத்தான் அங்கே நினைத்துக்கொண்டேன்.

அப்புறம், முட்டி வலி எப்படி இருக்கிறது? ஏணியில் நீ ஏறாதே, அவர் ஏறட்டும். நான்காவது படத்தில் சுவர்ப் பக்கத்து மரத்தில் ஒரு கிளை மட்டும் செம்பழுப்பாகத் தெரிகிறது. அதன் அடியில் பிசின் வடிகிறதா என்று பார். வடிந்தால் அது சாய்வல்ல, பட்டை நோய். 1928இல் எங்கள் கலிபோர்னியாவில்தான் அதை முதலில் கண்டார்கள். அந்தக் கிளையை நல்ல பாகம் வரை வெட்டி எரித்துவிட்டு, கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்த பிறகே அடுத்த மரத்தைத் தொடு. பார்த்துவிட்டு உடனே எழுது.

அன்புடன்,
விஜி