பெரிய சர்வருக்குப் பணம் கட்டுவதற்கு முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. இந்த ஒரே வாரத்தில் உங்களில் மூன்று பேர் எங்களை அழைத்து ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். “நம்ம அகப்பக்கம் திறக்க ரொம்ப நேரமாகுதுன்னு சொல்றாங்க, பெரிய சர்வருக்கு மாறிடலாமா?” மூவருக்கும் தனித்தனியாகப் பதில் சொன்னோம். மற்றவர்களுக்கும் இதே சந்தேகம் இருக்கும் என்று தோன்றியதால் எல்லோருக்குமாக விரிவாக எழுதுகிறோம். மாதாமாதம் கூடுதல் வெள்ளி (ரிங்கிட்) கட்ட ஒப்புக்கொள்வதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் பார்த்தவரை, உங்கள் பக்கத்தை வைத்திருந்து கேட்பவருக்கு அனுப்பும் கணினியான சர்வர் குற்றவாளியாக இருந்தது மிகக் குறைவு.

ஜார்ஜ் டவுன் லெபோ பாசாரில் சேலைக் கடை வைத்திருக்கும் ஒருவரை நாங்கள் அண்ணன் என்றே அழைப்போம். சுங்கை சிப்புட்டில் இருந்து ஓர் அக்கா அவருக்குப் போன் செய்து, “படமே வரமாட்டேங்குது தம்பி, சும்மா சுத்திக்கிட்டே இருக்கு” என்றிருக்கிறார். அண்ணன் தன் கைப்பேசியில் திறந்து பார்த்தார். கண் மூடித் திறப்பதற்குள் பக்கம் வந்தது. அக்காவின் லைன்தான் சரியில்லை என்று விட்டுவிட்டார். அதே வாரத்தில் இன்னும் இருவர் அப்படியே சொன்ன பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்.

கடைக்குப் போய் நாங்கள் செய்தது எளிய காரியம். அண்ணனின் கைப்பேசியை ஒதுக்கி வைத்துவிட்டு, கடையில் வேலை பார்க்கும் தங்கச்சியின் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியை வாங்கினோம். வைஃபையை அணைத்து, ப்ரீபெய்ட் டேட்டாவில், குரோமின் மறைநிலை (இன்காக்னிட்டோ) சாளரத்தில் பக்கத்தைத் திறந்தோம். முதல் சேலை முழுதாகத் தெரிய 14 விநாடி ஆனது. அண்ணன் வாய்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தார். எண்ணி முடித்ததும், “அந்த அக்கா சொன்னது உண்மைதான்” என்றார்.

அவருடைய கைப்பேசியில் வேகமாக வந்ததற்கு இரண்டு காரணங்கள். கடையில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. அதைவிட முக்கியமான காரணம், ஒரு பக்கத்தை ஒருமுறை திறந்தால் அதன் படங்களையும் எழுத்துருக்களையும் நகலெடுத்துக் கைப்பேசி தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அந்த நகலைத்தான் காட்டும். ஒரு நாளைக்குப் பத்து முறை திறந்து பார்க்கும் முதலாளிக்குத் தன் பக்கம் எப்போதும் வேகமாகத்தான் தெரியும். முதன்முறை வருகிறவருக்கு அந்த நகல் கிடையாது. மறைநிலைச் சாளரத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறந்து பார்த்தால் அவருக்குத் தெரிவதே உங்களுக்கும் தெரியும். நீங்களும் இன்றைக்கே இப்படி ஒருமுறை பாருங்கள். வீட்டில் இருப்பதிலேயே பழைய கைப்பேசியை எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்களாகப் பார்க்க வேண்டுமென்றால் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. பக்க முகவரியை இட்டால் போதும். முடிவின் மேல் பகுதியில் வருவது, கடந்த 28 நாட்களில் குரோமில் உங்கள் பக்கத்தைத் திறந்த உண்மையான மனிதர்களின் அனுபவம். கீழே 100-க்கு இத்தனை என்று வரும் மதிப்பெண், ஒரு சராசரிக் கைப்பேசியையும் மெதுவான இணைப்பையும் பாவனை செய்து எடுத்த சோதனை. எல்லோரும் அந்த மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் பதறுகிறார்கள். அது ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். மூன்று முறை ஓட்டி நடுவில் வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய கடைகளுக்குப் போதிய வருகை இல்லாவிட்டால் மேல் பகுதி காலியாக இருக்கும், அதில் தவறொன்றும் இல்லை.

மேல் பகுதியில் பார்க்க வேண்டியவை மூன்று. திரையில் தெரிவதிலேயே பெரிய படமோ எழுத்துப் பகுதியோ 2.5 விநாடிக்குள் வந்துவிட வேண்டும். பொத்தானைத் தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் திரை அசைய வேண்டும். இது 2024 மார்ச்சில் சேர்ந்த அளவுகோல். அதற்கு முன் முதல் தொடுதலின் தாமதத்தை மட்டும்தான் கணக்கில் எடுத்தார்கள். மூன்றாவது, பக்கம் வந்துகொண்டிருக்கும்போது அதில் உள்ளவை இங்குமங்கும் தாவக்கூடாது. அந்தத் தாவலின் கணக்கு 0.1-க்குள் இருக்க வேண்டும். நூறு வருகையில் 75 வருகைக்காவது இவை நிறைவேறினால் கூகுள் அதை நல்ல பக்கம் என்று கொள்ளும்.

சரி, அண்ணனின் பக்கத்தில் என்னதான் இருந்தது? படங்கள்தான். இன்றைய கைப்பேசியில் எடுத்த ஒரு படம் சாதாரணமாக 4000-க்கு 3000 புள்ளி (பிக்சல்), 3 முதல் 6 எம்பி வரை இருக்கும். அதைப் பார்க்கப்போகிற கைப்பேசித் திரையின் அகலமோ பெரும்பாலும் 1080 புள்ளிகள்தான். மீதி அத்தனையும் வாடிக்கையாளரின் டேட்டாவைத் தின்றுவிட்டு, திரையில் தெரியாமலேயே போய்விடும். அண்ணனின் முகப்பில் அப்படிப்பட்ட படங்கள் 24 இருந்தன. பட்டுச் சேலைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. வெறும் சுவரைப் படமெடுத்தால் கோப்பு சிறிதாகச் சுருங்கும். ஜரிகையும் நெசவும் புட்டாவும் நிறைந்த சேலை அப்படிச் சுருங்காது, ஏனென்றால் நுணுக்கம் கூடக்கூடக் கோப்பும் பெருக்கும். அதனால் துணிக் கடைக்காரர்களும் நகைக் கடைக்காரர்களும் மற்றவர்களைவிடக் கூடுதல் கவனம் எடுக்க வேண்டியிருக்கிறது.

நாங்கள் செய்வது இதுதான். பட்டியலில் தெரியும் படத்தை அதன் இடத்துக்கு ஏற்ற அளவுக்குக் குறைத்து, வெப்பி வடிவத்தில் வைக்கிறோம். கூகுள் 2010-இல் கொண்டுவந்த வடிவம் இது. குரோம், சஃபாரி போன்ற இன்றைய உலாவிகள் எல்லாமே படிக்கின்றன. 5 எம்பி இருந்த படம் பெரும்பாலும் 150 கேபி அளவுக்கு இறங்கிவிடுகிறது. முந்தானையையும் கரையையும் கிட்டத்தில் பார்க்க விரும்புகிறவர் படத்தைத் தொட்டால் அப்போது மட்டும் பெரிய படம் வரும். சேலை வாங்குகிற யாருமே கரையைப் பார்க்காமல் வாங்கமாட்டார்கள், அதனால் பெரிய படம் கட்டாயம் வேண்டும். எல்லோருக்கும் எடுத்த எடுப்பிலேயே அனுப்ப வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

இங்கே எங்கள் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சென்ற ஆண்டு ஒரு கடையின் படங்களை மொத்தமாகச் சுருக்கியபோது, படத்தோடு ஒட்டியிருக்கும் வண்ணக் குறிப்பையும் சேர்த்து நீக்கிவிட்டோம். ஐபோன் தன் படங்களைச் சாதாரணத் திரைகளைவிட விரிந்த வண்ணப் பரப்பில் எடுக்கிறது. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் உலாவி நிறத்தைத் தவறாகப் படித்து, வெளிறிப்போனதாகக் காட்டும். மாம்பழ மஞ்சள் சேலை சந்தன நிறமாகத் தெரிந்தது. வாங்கிய ஒருவர் நிறம் வேறு என்று திருப்பி அனுப்பினார். கடைக்காரர் எங்களைத் திட்டவில்லை. அதனாலேயே எங்களுக்கு மனம் இன்னும் கனத்தது. இப்போது எந்தப் படமானாலும் முதலில் வண்ணத்தைப் பொதுப் பரப்புக்கு மாற்றிய பிறகே சுருக்குகிறோம். மாற்றியதைச் சேலைக்குப் பக்கத்தில் வைத்து ஒருமுறை கண்ணாலும் பார்த்துவிடுகிறோம்.

முகப்பில் ஒன்றன்பின் ஒன்றாக நகரும் ஐந்து பேனர்களைப் பற்றியும் எங்கள் கருத்தை மறைக்காமல் சொல்கிறோம். எடுத்துவிடுங்கள். வந்தவர் முதல் படத்தைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிவிடுகிறார். மற்ற நான்கையும் பதிவிறக்கியது வீண். ஒரே ஒரு நல்ல தீபாவளிப் படம் போதும். இன்னொன்று: கீழே இருக்கும் படங்களை, அங்கு வரும்போது மட்டும் இறக்கும் வசதி, அகப்பக்கம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் உண்டு, நல்லதுதான். ஆனால் அதில் கூடுதலாகச் சேர்க்கும் சில செருகுநிரல்கள் உச்சியில் இருக்கும் முதல் படத்துக்கும் அதையே போட்டுவிடுகின்றன. முதலில் வரவேண்டிய படம் கடைசியில் வருகிறது. எங்கள் கையில் வந்த பக்கங்களில் இதை அடிக்கடி பார்க்கிறோம்.

அப்புறம் தூரம். சர்வர் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்தால் பினாங்கிலிருந்து சுமார் 15,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். நேர்க்கோட்டிலேயே போனாலும் போய்வர 150 மில்லி விநாடி. கடலடிக் கேபிள் வளைந்து நெளிந்து போவதால் நடைமுறையில் 200-ஐத் தாண்டிவிடும். ஒரு நடை மட்டும் என்றால் பரவாயில்லை. இணைப்பை ஏற்படுத்த ஒரு நடை, பாதுகாப்புப் பூட்டுக்குக் குறைந்தது ஒரு நடை, பக்கத்தைக் கேட்டு வாங்க ஒரு நடை. சாமான் வாங்க ஆளை அனுப்பி, உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடை, மிளகாய்க்கு ஒரு நடை என்று நடக்கவிடுவதைப் போல. ஒரு எழுத்தும் வருவதற்கு முன்பே அரை விநாடிக்கு மேல் போய்விடுகிறது. சிங்கப்பூர் நமக்குச் சுமார் 600 கிலோமீட்டர்தான். சர்வரை அங்கேயோ கோலாலம்பூரிலேயோ வைத்தால் இந்தக் காத்திருப்பு ஏறக்குறைய மறைந்துவிடும். உங்களுக்குத் தேவை பெரிய சர்வர் இல்லை, அருகில் இருக்கும் சர்வர். வாங்குகிறவர்கள் பலர் வெளிநாட்டில் இருந்தால், பக்கத்தின் நகலைப் பல ஊர்களில் வைத்து அருகிலிருந்தே கொடுக்கும் சிடிஎன் சேவையைச் சேர்த்துத் தருகிறோம்.

தமிழ் எழுத்துகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நாங்களாகவே சொல்கிறோம். பல கடைகளின் பக்கத்தில் அழகுக்காக மூன்று நான்கு தமிழ் எழுத்துருக்கள் ஏற்றப்பட்டிருக்கின்றன. அவை வந்து சேரும்வரை சில உலாவிகள் 3 விநாடி வரை எழுத்தையே காட்டாமல் வெற்றிடமாக வைத்திருக்கும். ஆனால் எல்லாக் கைப்பேசியிலும் நல்ல தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஐபோனில் தமிழ் சங்கம் எம்என். அந்த எம்என் நம் மலேசியாவின் முத்து நெடுமாறனைக் குறிப்பது. தமிழ் எழுதும் மென்பொருளான முரசு அஞ்சலை உருவாக்கியவர் வடித்த எழுத்து அது. இங்கே பிறந்த எழுத்து வாடிக்கையாளரின் கையிலேயே இருக்கும்போது இன்னொன்றைத் தூரத்திலிருந்து இழுத்து வருவானேன்? செய்திப் பகுதிக்கு இதுவே போதும் என்பது எங்கள் பரிந்துரை. கடைப் பெயருக்கு மட்டும் தனி எழுத்துரு வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளலாம். தேவையற்ற எழுத்துகளைக் கழித்துச் சிறிதாக்கித் தருவோம். அப்படிக் கழிக்கும்போது கொம்பும் காலும் சேரும் விதிகளைத் தொலைத்துவிட்டால் ‘கொ’ சிதைந்துபோகும், ‘ஸ்ரீ’ பிரிந்துவிடும். கடைப் பெயரிலேயே ஸ்ரீ வைத்திருப்பவர்கள் உங்களில் எத்தனை பேர்! அதனால் இதை நாங்களே கையால் சரிபார்க்கிறோம்.

எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முன் தொடங்கிய பழைய பக்கங்கள் சிலவற்றில் தமிழ்த் தலைப்புகள் இன்னும் படமாகவே இருக்கின்றன. அன்றைக்கு வேறு வழியில்லை. இன்று அவை பாரம் மட்டுமில்லை, கூகுளில் தமிழில் தேடுகிறவர் கண்ணிலும் சரிவரப் படாது. இந்தத் தீபாவளிக்குள் அவற்றை எழுத்தாக மாற்றித் தருகிறோம், கட்டணம் வேண்டாம்.

வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை இன்னொரு வகை: அரட்டைப் பெட்டி, வருகை எண்ணி, எப்போதோ போட்ட விளம்பரத்தின் கண்காணிப்புக் குறிநிரல், யூடியூப் காணொளி. இவற்றைப் பதிவிறக்குவதோடு கைப்பேசியின் வேலை முடிவதில்லை, படித்து இயக்கவும் வேண்டும். பழைய கைப்பேசி அங்கேதான் மூச்சு வாங்கும். பக்கம் தெரியும், தொட்டால் அசையாது. யூடியூப் காணொளியை அப்படியே பதித்தால் யாரும் ஓட்டாவிட்டாலும் பல நூறு கேபி இறங்கும். நாங்கள் ஒரு படத்தை வைத்து, தொட்டால் மட்டும் காணொளி வரும்படி செய்கிறோம். மற்றவற்றில் எது தேவை என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். விளம்பரம் முடிந்து ஆண்டுக்கணக்கான பின்னும் குறிநிரல் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறோம்.

பக்கம் தாவுவதற்குப் பெரும்பாலும் படத்தின் நீள அகலத்தைக் குறிக்காததே காரணம். படம் வந்ததும் கீழே உள்ளதைத் தள்ளிவிடும், ஒன்றைத் தொடப் போனவர் வேறொன்றைத் தொட்டுவிடுவார். இதைச் சரிசெய்வது எளிது, எல்லோருக்கும் செய்தாயிற்று.

சர்வரே காரணமாக இருக்கும் வேளையும் உண்டு. பக்கத்தின் முதல் துளித் தரவு (பைட்) வரவே 0.8 விநாடிக்கு மேல் ஆனால் அங்கே பார்க்க வேண்டும். அப்போதும் முதல் வேலை, ஒவ்வொரு வருகைக்கும் பக்கத்தைப் புதிதாகச் சமைக்காமல், தயாராக வைத்துப் பரிமாறச் செய்வது. கூடையும் பணம் செலுத்தும் பக்கமும் மட்டும் இதில் சேரக்கூடாது. ஒருவருடைய கூடை இன்னொருவருக்குத் தெரிந்துவிடும். இதற்குப் பிறகும் தீபாவளி வாரக் கூட்டத்தைத் தாங்கவில்லை என்றால், நாங்களே பெரிய சர்வருக்கு மாறச் சொல்வோம்.

அண்ணனின் பக்கம் இப்போது அதே தங்கச்சியின் கைப்பேசியில் 3 விநாடிக்குள் திறக்கிறது. சர்வர் பழையதுதான், கட்டணமும் பழையதுதான். இன்னும் அரை விநாடி குறைக்கப் பார்க்கிறோம்.

உங்களிடம் கேட்பவை இரண்டு. தீபாவளிச் சரக்கின் படங்களை வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பாமல் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் வாட்ஸ்ஆப் சுருக்கிவிடும், போன நுணுக்கத்தை எங்களால் மீட்க முடியாது. சுருக்கும் வேலையை எங்களிடம் விட்டுவிடுங்கள். இரண்டாவது, பக்கத்தில் பெரிய மாற்றம் ஏதும் வேண்டுமானால் இந்த மாதத்துக்குள் சொல்லிவிடுங்கள். கூகுள் காட்டும் உண்மை அனுபவ எண்கள் 28 நாள் கணக்கு என்பதால், இன்று திருத்தியதன் பலன் அங்கே முழுதாகத் தெரிய நான்கு வாரம் ஆகும். கடைசி வாரத்தில் எதையும் கலைக்க எங்களுக்கு மனமில்லை.

வரும் திங்கள் முதல் ஒவ்வொரு கடையாக வருகிறோம். லிட்டில் இந்தியாவில் இருப்பவர்களுக்கு முதல் வாரம், பட்டர்வொர்த், பிறை பக்கம் இருப்பவர்களுக்கு அடுத்த வாரம். பழைய கைப்பேசி ஒன்றை நாங்களே கொண்டு வருவோம். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினால் போதும்.

அன்புடன்,
உங்கள் அகப்பக்கங்களைப் பராமரிக்கும் குழுவினர்
ஜார்ஜ் டவுன், பினாங்கு